பல்கலைக்கழக மெயிலில் எது ஜங்குக்குப் போகிறது, எது உள்ளே வருகிறது?

உங்கள் கேள்வியை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன். நீங்கள் முனைவர் பட்ட ஆய்வு மாணவர். மாநாட்டுக் குழு அனுப்பிய ஏற்புக் கடிதம் ஜங்க் கோப்புறையில் கிடந்து, பதிவுக் கெடு முடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அதே வாரத்தில், பெயரே கேள்விப்படாத ஆய்விதழ்கள் 'மதிப்பிற்குரிய பேராசிரியரே' என்று அழைத்துக் கட்டுரை கேட்ட மெயில்கள் நேராக இன்பாக்ஸுக்கு வந்தன. இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள், நம் மெயிலை யாராவது படிக்கிறார்களா, பேசாமல் எல்லாவற்றையும் ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் நேரான பதில். ஸ்பேம் ஃபில்டர் மெயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அதை யார் அனுப்பினார்கள், எந்த சர்வர் வழியாக வந்தது, அதற்கு என்ன சான்று இருக்கிறது என்பதைத்தான் அதிகம் பார்க்கிறது. மாநாட்டை நடத்துபவர்கள் பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்யும் ஆய்வாளர்கள். மெயில் சர்வரின் அமைப்பைச் சரிபார்க்க அவர்களுக்கு நேரமில்லை. போலி இதழ் நடத்துபவர்களுக்கோ மெயில் அனுப்புவதுதான் தொழில். ஆகவே எல்லாச் சான்றுகளையும் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். நல்லது வெளியே, கெட்டது உள்ளே என்று தலைகீழானதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம், பல்கலைக்கழகம் என்பதாலேயே சில சிக்கல்கள் கூடுகின்றன. ஒரு வங்கி தன் ஊழியர்களுக்கு வெளியிலிருந்து வரும் மெயிலை நன்றாக இறுக்கிவிடலாம். பல்கலைக்கழகத்தால் அது முடியாது. முன்பின் தெரியாதவர்கள் எழுதுவது அங்கே அன்றாடம் நடப்பது. வேறு நாட்டிலிருந்து ஒரு மாணவர் தன் சொந்த ஜிமெயிலிலிருந்து 'உங்கள் ஆய்வகத்தில் இடம் இருக்குமா' என்று கேட்பார். எங்கோ ஒரு சிறிய கல்லூரியிலிருந்து ஒருவர் உங்கள் தரவைக் கேட்பார். மருந்தியல் துறைக்கு வயாகரா பற்றி வரும் மெயில் உண்மையான ஆய்வாக இருக்கலாம். குற்றவியல் படிப்பவருக்கு மோசடிக் கடிதத்தின் நகலே பாடப்பொருளாக இருக்கலாம். சொல்லைப் பார்த்துத் தடுக்கும் ஃபில்டர் இங்கே உதவாது. இன்னொரு பக்கம், பல்கலைக்கழக முகவரிகள் எல்லாமே பகிரங்கமானவை. துறையின் இணையப் பக்கத்தில் இருக்கும். ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்தில், தொடர்புக்குரிய ஆசிரியர் என்ற குறிப்போடு அச்சாகியிருக்கும். உங்கள் முதல் கட்டுரை வெளியானதும் அழைப்புகள் கொட்ட ஆரம்பித்திருந்தால், முகவரி எங்கே கிடைத்தது என்று தேடவே வேண்டாம்.

மெயிலைக் கொண்டுசேர்க்கவும் தரம் பிரிக்கவும் பயன்படும் முக்கியமான கருவிகள் சில பல்கலைக்கழகங்களிலேயே பிறந்தவை. சென்ட்மெயில் என்ற மெயில் சர்வர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதியது. இன்றும் உலகெங்கும் ஓடும் எக்ஸிம் என்ற மெயில் சர்வரை 1995-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஹேசல் தன் பல்கலைக்கழகத்தின் தேவைக்காக எழுதத் தொடங்கினார். மெயில்ஸ்கேனர் என்ற ஃபில்டர் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஃபீல்டு உருவாக்கியது. தலைப்பின் முன்னால் 'ஸ்பேம்?' என்று கேள்விக்குறியோடு முத்திரை குத்தி அனுப்பும் வழக்கத்தை அதில் பார்க்கலாம். அந்தக் கேள்விக்குறி எனக்குப் பிடித்த விஷயம். 'எனக்குச் சந்தேகம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. இன்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மைக்ரோசாஃப்ட் 365-க்கோ கூகுளுக்கோ மாறிவிட்டன. ஆனாலும் மெயில் கடந்துவரும் படிகள் ஏறத்தாழ அதே படிகள்தான்.

முதல் படி, மெயிலின் உள்ளடக்கம் வருவதற்கு முன்பே நடக்கிறது. வெளி சர்வர் ஒன்று இணைப்புக் கேட்டதுமே அதன் ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் அதற்குரிய எண், தெரிந்துவிடும். நம் பக்க சர்வர் அந்த எண்ணைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டி, இணையத்தின் பெயர்ப் பதிவேடான டி.என்.எஸ்.-இடம் ஒரு கேள்வி கேட்கும். எண் 192.0.2.25 என்று வைத்துக்கொள்வோம். அதை 25.2.0.192 என்று திருப்பி, பின்னால் ஜென்.ஸ்பேம்ஹாஸ்.ஆர்க் என்ற கறுப்புப் பட்டியலின் பெயரை ஒட்டி, இப்படி ஒரு பெயர் உண்டா என்று விசாரிக்கும். 'அப்படி ஒன்று இல்லை' என்று பதில் வந்தால் நல்லது. அந்த எண் கறுப்புப் பட்டியலில் இல்லை. 127.0.0.2 என்று வந்தால் ஸ்பேம் அனுப்புவதாக அறியப்பட்ட இடம். 127.0.0.4 என்றால் வேறொருவர் வசமாகிவிட்ட கணினி. 127.0.0.10 அல்லது 11 என்றால் வீட்டு இணைப்பு போல, தானே நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத முகவரி. கண்ணிமைக்கும் நேரத்தில் இந்த விசாரணை முடிந்துவிடும். ஸ்பேம்ஹாஸ் அமைப்பை 1998-இல் ஸ்டீவ் லின்ஃபோர்டு தொடங்கினார். ஏராளமான சர்வர்கள் இதன் சொல்லைக் கேட்டுத்தான் கதவைத் திறக்கின்றன.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் செய்தி உண்டு. 'கணக்கீடு முடிந்ததும் எனக்கு மெயில் அனுப்பு' என்று விடுதி அறையிலோ வீட்டிலோ இருக்கும் கணினியில் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருப்பீர்கள். அது நேரடியாகப் பெறுநரின் சர்வரைத் தொட முயன்றால், கடைசியில் சொன்ன வகையில் மாட்டி மறுக்கப்படும். உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிச்செல்லும் மெயில் சர்வர் வழியாக, உங்கள் கணக்கில் நுழைந்து அனுப்புங்கள். சரியாகிவிடும்.

இந்தப் படியில் மறுக்கப்படும் மெயிலுக்கும் ஜங்குக்குப் போகும் மெயிலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. வாசலிலேயே 550 போன்ற எண்ணோடு மறுத்தால், அனுப்பியவரின் சர்வர் அவருக்கு 'போய்ச் சேரவில்லை' என்று பவுன்ஸ் அனுப்பும். அவர் நேர்மையானவராக இருந்தால் போனில் கூப்பிடுவார், வேறு முகவரியில் எழுதுவார். ஜங்கில் போடும்போது யாருக்கும் எதுவும் தெரியாது. அனுப்பியவர் சேர்ந்துவிட்டது என்று நினைப்பார். பெற்றவர் வரவேயில்லை என்று நினைப்பார். உங்கள் மாநாட்டுக் கடிதத்துக்கு நடந்தது இதுதான். அதனால்தான், உறுதியாகச் சந்தேகப்பட இடமிருந்தால் வாசலிலேயே வெளிப்படையாக மறுப்பது அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் செய்யும் மரியாதை என்று நான் கருதுகிறேன். உள்ளே வாங்கிக்கொண்ட பிறகு பவுன்ஸ் அனுப்பலாமே என்று கேட்கலாம். கூடாது. ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருடப்பட்டது. அந்த பவுன்ஸ் எல்லாம் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் தலையில் போய்க் கொட்டும்.

சில இடங்களில் இன்னொரு உத்தியும் உண்டு. முதன்முறையாக எழுதுபவரிடம் சர்வர் 'இப்போது முடியாது, பிறகு வாருங்கள்' என்று 451 போன்ற தற்காலிக மறுப்பைச் சொல்லும். ஒழுங்கான சர்வர் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வரும். அவசரத்தில் அள்ளி வீசும் ஸ்பேம் நிரல் வராது. இதை எவன் ஹாரிஸ் 2003-இல் முன்வைத்தார். புதிய தளத்தில் கணக்குத் தொடங்கும்போது வரவேண்டிய உறுதிப்படுத்தும் மெயில் மட்டும் அரை மணி நேரம் தாமதித்தால், இது காரணமாக இருக்கலாம்.

அடுத்தது அடையாளச் சான்று. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் சிக்கலின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். இணைய மெயிலுக்கான அடிப்படை நெறிமுறை 1982-இல் எழுதப்பட்டது. அனுப்புபவர் யார் என்று சரிபார்க்க அதில் வழியே இல்லை. தபால் கடிதத்தைப் போலவே மெயிலுக்கும் உறைமேல் ஒரு அனுப்புநர், உள்ளே தாளில் ஒரு அனுப்புநர் என்று இரண்டு உண்டு. உங்கள் திரையில் தெரிவது தாளில் இருப்பது. இரண்டிலும் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதே நெடுநாள் நிலைமை.

இதைச் சரிசெய்ய ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஏற்பாடுகள் வந்தன. முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்தான் டொமைன். எஸ்.பி.எஃப். என்பது, 'என் டொமைன் பெயரில் இந்த இந்த சர்வர்கள்தான் மெயில் அனுப்பும்' என்று டொமைன்காரர் டி.என்.எஸ்.-இல் வெளியிடும் பட்டியல். இது உறைமேல் உள்ள பெயரைச் சோதிக்கிறது. டிகிம் என்பது, மெயிலின் உடலுக்கும் முக்கியத் தலைப்புவரிகளுக்கும் அனுப்பும் டொமைன் போடும் டிஜிட்டல் கையெழுத்து. வழியில் யாராவது ஒரு எழுத்தைத் திருத்தினாலும் கையெழுத்து பொருந்தாமல் போகும். இந்த இரண்டில் ஒன்றாவது, தாளில் தெரியும் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது டிமார்க். ஒத்துப்போகாவிட்டால் விட்டுவிடுங்கள், ஒதுக்குங்கள், மறுத்துவிடுங்கள் என்று மூன்றில் ஒரு உத்தரவை டொமைன்காரர் முன்கூட்டியே வெளியிட்டு வைக்கலாம். 2024 பிப்ரவரியிலிருந்து, நாளொன்றுக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5000-க்கு மேல் அனுப்புபவர்கள் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் அதே காலத்தில் இதேபோன்ற விதியைக் கொண்டுவந்தது.

இப்போது மாநாட்டுக் கடிதத்துக்கு வருவோம். மாநாட்டுக் குழுக்கள் கட்டுரைகளைப் பெறவும் மதிப்பிடவும் ஒரு இணைய மென்பொருளைப் பயன்படுத்தும். முடிவு வெளியாகும் நாளில் அந்த மென்பொருள், குழுத் தலைவரின் பெயரிலும் அவருடைய பல்கலைக்கழக முகவரியிலும், நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் மெயில் அனுப்பும். ஆனால் மெயிலை உண்மையில் அனுப்புவது மென்பொருள் நிறுவனத்தின் சர்வர். அந்தத் தலைவரின் பல்கலைக்கழகம் வெளியிட்ட எஸ்.பி.எஃப். பட்டியலில் அந்த சர்வர் இருக்காது. அவர்களுடைய டிகிம் கையெழுத்தும் இருக்காது. நம் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு பேராசிரியரின் பெயரைத் திருடி யாரோ மொத்தமாக அனுப்புவதற்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. அந்த ஜங்க் மெயிலைத் திறந்து, முழு ஹெடரை, அதாவது வழக்கமாகத் திரையில் காட்டப்படாத தலைப்புவரிகளை, பார்க்கும் வசதியைச் சொடுக்கி, ஆதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ் என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதில் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே பாஸ், ஃபெயில், நன் (சான்றே இல்லை) என்ற சொற்கள் இருக்கும். டிமார்க் ஃபெயில் என்று இருந்தால் விஷயம் இதுதான்.

இதைத் தாண்டி வந்தால்தான் உள்ளடக்கம். இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை வெளிப்படையாகக் காட்டுவது ஸ்பேம்அசாசின் என்ற திறந்த மூல நிரல். நூற்றுக்கணக்கான சிறிய சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், எல்லாவற்றையும் கூட்டினால் 5-ஐத் தொட்டால் ஸ்பேம் என்பது அதன் இயல்பான ஏற்பாடு. மெயில் இணையப் பக்க வடிவமான எச்.டி.எம்.எல்.-இல் இருப்பதற்கு 0.001தான், அதாவது குற்றமே இல்லை. மெயிலில் உள்ள இணைப்பு கறுப்புப் பட்டியலிட்ட தளத்துக்குப் போனால் 1.7. சொற்களின் புள்ளியியலைப் பார்த்து 'இது 99 சதவீதம் ஸ்பேம்' என்று தோன்றினால் 3.5. கடைசி இரண்டையும் கூட்டுங்கள்: 5.2. ஜங்க். மாறாக, அதே புள்ளியியல் 'இது நிச்சயம் நல்ல மெயில்' என்று சொன்னால் 1.9 கழியும்; அப்போது கூட்டல் எல்லைக்குக் கீழேயே நின்றுவிடும். ஆக, ஒரே ஒரு காரணத்துக்காக ஒரு மெயில் ஜங்குக்குப் போவது குறைவு. சின்னச் சின்னக் குறைகள் சேர்ந்து எல்லைக்கோட்டை மெல்லத் தாண்டிவிடுகின்றன. தலைப்பு முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்து, உடலில் ஒரே ஒரு படம், சுருக்கப்பட்ட இணைப்பு என்று ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் மாணவர் சங்க அறிவிப்புகள் இப்படித்தான் மாட்டுகின்றன.

அந்தப் புள்ளியியல் பகுதிக்கு 2002-இல் பால் கிரகாம் எழுதிய ஒரு கட்டுரை பெரிய உந்துதலாக அமைந்தது. நல்ல மெயில்களில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது, ஸ்பேமில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, புதிய மெயிலின் சொற்களை அதோடு ஒப்பிட்டு நிகழ்தகவு கணிப்பதுதான் முறை. ஸ்பேம்அசாசினில் இந்தப் பகுதி 200 ஸ்பேம், 200 நல்ல மெயில் பார்த்துப் பழகாமல் வாயே திறக்காது. நீங்கள் ஒரு மெயிலை 'ஜங்க் அல்ல' என்று குறிக்கும்போது நடப்பதும் ஒருவகையில் இந்தப் பழக்கம்தான். யாரும் குறிக்காவிட்டால் ஃபில்டர் கற்காது.

தமிழில் எழுதும் மெயிலுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி நம்மில் பலருக்கு இருக்கும். ஆங்கில மெயிலில் பழகிய ஒரு புள்ளியியல் ஃபில்டருக்குத் தமிழ்ச் சொற்கள் நல்லதா கெட்டதா என்றே தெரியாது. அதனால் உள்ளடக்கம் பெற்றுத்தரக்கூடிய அந்த நற்பெயர் தமிழ் மெயிலுக்குக் கிடைக்காமல் போகும். மற்ற குறைகள் கூடுதலாக உறுத்தும். ஸ்பேம்அசாசினில் 'இன்ன மொழிகள்தான் எங்களுக்கு வரும்' என்று நிர்வாகி பட்டியலிடும் வசதியும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் தமிழைச் சேர்க்காமல் விட்டால் தமிழ் மெயிலுக்குத் தனியாக மதிப்பெண் ஏறும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மன்றம் நடத்துபவர்கள் பொங்கல் விழா அழைப்பைத் தனி ஜிமெயிலிலிருந்து 300 பேருக்கு மறைநகலாக அனுப்பாமல், பல்கலைக்கழகமே தரும் குழு மெயில் வசதியைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அடையாளச் சான்று சரியாக இருந்தால் மொழி ஒரு தடையாக நிற்பது குறைவு.

மைக்ரோசாஃப்ட் 365-இல் கூட்டல் கணக்கு நம் கண்ணுக்குத் தெரியாது. முடிவு மட்டும் எஸ்.சி.எல். என்ற எண்ணாக ஹெடரில் வரும். 0, 1 என்றால் நல்ல மெயில். 5, 6 என்றால் ஸ்பேம். 8, 9 என்றால் உறுதியான ஸ்பேம். ஃபிஷிங், அதாவது பாஸ்வேர்டு போன்றவற்றை ஏமாற்றிப் பறிக்கும் மெயில், என்று உறுதியாகத் தோன்றியது ஜங்குக்குக்கூட வராது. குவாரன்டைன் என்ற தனி இடத்தில் அடைபடும், அதை நிர்வாகிதான் விடுவிக்க முடியும். இன்னொரு விஷயம்: காலையில் இன்பாக்ஸில் பார்த்த மெயில் மதியம் காணாமல் போனதாகச் சிலர் சொல்வார்கள். அது பிரமை இல்லை. வந்து சேர்ந்த பிறகு ஒரு மெயில் கெட்டது என்று தெரியவந்தால், பெட்டிக்குள்ளிருந்தே எடுத்து ஜங்குக்கோ குவாரன்டைனுக்கோ நகர்த்தும் ஏற்பாடு அதில் உண்டு.

போலி இதழ் மெயில்கள் ஏன் இதையெல்லாம் தாண்டுகின்றன? அவற்றில் வைரஸ் இல்லை, திருட்டு இணைப்பு இல்லை, டொமைன் சான்றுகள் கச்சிதம். சொற்களோ அப்படியே உங்கள் உலகத்துச் சொற்கள்: கட்டுரை, மதிப்பாய்வு, சிறப்பிதழ், கெடு. புள்ளியியலுக்கு உண்மையான இதழின் மெயிலும் இதுவும் ஒன்றுபோலவே தெரியும். மோசடி இருப்பது மெயிலில் இல்லை, அதன் பின்னால் நடக்கும் வியாபாரத்தில். ஆய்விதழ்கள் வெளியிடும், ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனம் ஆய்வாளர்களை ஏமாற்றியதாக அமெரிக்க ஃபெடரல் டிரேடு கமிஷன் தொடுத்த வழக்கில், 2019-இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்த உத்தரவிட்டது. ஒரு நீதிமன்றம் ஆவணங்களைப் புரட்டி முடிவுக்கு வரவேண்டிய விஷயத்தை ஃபில்டர் ஒரு நொடியில் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இங்கே உங்கள் சொந்த விதிதான் கைகொடுக்கும். அதே டொமைனிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அந்த டொமைனையே தடுத்துவிடுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இவை அல்ல, ஆளைப் பார்த்து எழுதப்படும் ஃபிஷிங். 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஒன்பது ஈரானியர்கள்மீது குற்றச்சாட்டு பதிவு செய்தது. அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்கள், மேலும் 21 நாடுகளில் 176 பல்கலைக்கழகங்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேராசிரியர் கணக்குகளைக் குறிவைத்து, ஏறத்தாழ 8000 கணக்குகளைக் கைப்பற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த மெயில்கள் எப்படி இருந்தன தெரியுமா? வேறொரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எழுதுவதுபோல, 'உங்கள் அண்மைக் கட்டுரையைப் படித்தேன்' என்று பாராட்டி, தொடர்புடைய கட்டுரைகள் என்று இணைப்புகளைத் தந்து, சொடுக்கியதும் உங்கள் பல்கலைக்கழகத்தின் உள்நுழைவுப் பக்கத்தைப் போன்ற போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். படித்தவரின் நியாயமான மகிழ்ச்சியையே கதவாக்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஊடுருவலைப் பற்றி அந்தப் பல்கலைக்கழகமே பின்னர் அறிக்கை வெளியிட்டது. முதல் மெயிலில் யாரும் எதையும் சொடுக்கவில்லை. முன்னோட்டமாகப் பார்த்ததே போதுமானதாக இருந்தது என்று அதில் இருக்கிறது. ஏமாந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மாணவர்களுக்கு அதிகம் வருவது வேறு வகை. துறைத்தலைவர் பெயரில், ஆனால் ஏதோ ஒரு ஜிமெயில் முகவரியிலிருந்து, 'இப்போது ஃப்ரீயா இருக்கிறீர்களா?' என்று ஒரே ஒரு வரி. நீங்கள் பதில் போட்டால், கூட்டத்தில் இருக்கிறேன், போன் பேச முடியாது, கிஃப்ட் கார்டு வாங்கி எண்களை அனுப்புங்கள் என்று அடுத்த மெயில் வரும். முதல் மெயிலில் இணைப்பில்லை, இணைக்கப்பட்ட கோப்பில்லை, ஜிமெயிலின் சான்றுகள் எல்லாம் சரி. ஃபில்டர் பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. வெளியிலிருந்து வரும் மெயிலின் தலைப்பிலோ உடலிலோ 'வெளியார்' என்று பல்கலைக்கழகங்கள் முத்திரை போடுவது இதற்காகத்தான். தலைவரிடமிருந்து வந்ததாகச் சொல்லும் மெயிலில் அந்த முத்திரை இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

'உங்கள் பெட்டி நிறைந்துவிட்டது, இங்கே சொடுக்கி உறுதிப்படுத்துங்கள்' என்ற பழைய தந்திரத்தில் ஒரு மாணவரின் பாஸ்வேர்டு போனால், நஷ்டம் அவரோடு நிற்பதில்லை. அந்தக் கணக்கிலிருந்து ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் ஸ்பேம் கிளம்பும், அதுவும் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.எஃப்., டிகிம் முத்திரைகளோடு. மறுநாள் பல்கலைக்கழகத்தின் சர்வரே கறுப்புப் பட்டியலில் இருக்கும். வேலைக்கு விண்ணப்பித்தவரின் மெயிலும் சேர்ந்து திரும்பி வரும். இரண்டடுக்கு உள்நுழைவைக் கட்டாயமாக்குவதையும், ஒரு கணக்கு நாளொன்றுக்கு இத்தனை பேருக்குத்தான் அனுப்பலாம் என்று வரம்பு வைப்பதையும் தொல்லையாக நினைக்காதீர்கள். உங்கள் மெயில் வெளியே போய்ச் சேருவதற்கான பாதுகாப்பு அது.

சரி, ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்துவிடலாமா? வேண்டாம் என்பதே என் பதில். பல்கலைக்கழக சர்வர் மெயிலைத் திருப்பி அனுப்பும்போது, ஜிமெயிலின் பார்வையில் அதை அனுப்புவது உங்கள் பல்கலைக்கழகம். மூல அனுப்புநரின் எஸ்.பி.எஃப். பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகம் இல்லை. அந்தச் சான்று அங்கேயே போயிற்று. மீதமிருப்பது டிகிம் கையெழுத்து. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் 'வெளியார்' என்ற முத்திரையை மெயிலில் சேர்த்திருந்தால் கையெழுத்திட்ட பகுதி மாறிவிட்டது, அதுவும் உடைகிறது. அனுப்பியவரின் டொமைன் டிமார்க்கில் 'மறுத்துவிடுங்கள்' என்று வைத்திருந்தால் ஜிமெயில் அதை மறுத்துவிடும். 2014 ஏப்ரலில் யாஹூ அந்தக் கடுமையான உத்தரவைப் போட்டபோது உலகமெங்கும் குழு மெயில்கள் தடுமாறியதும் இதே காரணத்தால்தான். உறைமேல் முகவரியை மாற்றி எழுதுவது, வழியில் பார்த்த சான்றுகளைப் பதிவு செய்து அனுப்புவது என்று மாற்று ஏற்பாடுகள் உண்டு. எல்லா இடத்திலும் அவை சரியாக அமைந்திருக்காது. போதாக்குறைக்கு, உங்களுக்கு வரும் ஸ்பேமும் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ஜிமெயிலுக்குப் போய்ச் சேரும். மைக்ரோசாஃப்ட் 365 வெளியே தானாக ஃபார்வர்டு செய்வதை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது. திருடப்பட்ட கணக்கில் கள்ளன் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று ரகசியமாக ஒரு ஃபார்வர்டு விதி போடுவது என்பதும் அதற்கொரு காரணம். போனில் இரண்டு கணக்குகளையும் தனித்தனியாகச் சேர்த்துப் படிப்பது இதைவிட எளிது.

யாராவது படிக்கிறார்களா என்று கேட்டீர்கள். தரம் பிரிப்பது முழுக்க இயந்திரம். நிர்வாகிகள் வழக்கமாகப் பார்ப்பது அனுப்புநர், பெறுநர், நேரம், தலைப்பு, என்ன முடிவு எடுக்கப்பட்டது என்ற பதிவை. குவாரன்டைனில் அடைபட்ட மெயிலை உரிமையுள்ள நிர்வாகி திறந்து பார்க்கத் தொழில்நுட்பரீதியாக முடியும், இதை மறைப்பதில் அர்த்தமில்லை. எப்போது, யார் ஒப்புதலோடு பார்க்கலாம் என்பது உங்கள் பல்கலைக்கழகத்தின் கொள்கையில் இருக்க வேண்டும். அந்த ஆவணத்தைக் கேட்டுப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. ஜங்க் கோப்புறையை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். கட்டுரை முடிவோ விசாவோ எதிர்பார்க்கும் நாட்களில் தினமும். கூகுள் கணக்கில் ஸ்பேம் 30 நாளில் தானாக அழிந்துவிடும். நல்ல மெயில் அங்கே கிடந்தால் இன்பாக்ஸுக்கு இழுத்துப் போடுவதோடு நிறுத்தாமல், 'ஜங்க் அல்ல' என்ற பொத்தானை அழுத்துங்கள். முழு முகவரியைப் பாதுகாப்பான அனுப்புநர் பட்டியலில் சேர்க்கலாம், ஆனால் ஜிமெயில்.காம் என்று மொத்த டொமைனையோ, உங்கள் சொந்தப் பல்கலைக்கழக டொமைனையோ சேர்க்காதீர்கள். போலிகள் அதிகம் பயன்படுத்துவது இந்த இரண்டையும்தான். நீங்களே பதிவு செய்த செய்திமடல் அலுத்துப்போனால் ஸ்பேம் என்று புகார் செய்யாமல் விலகும் இணைப்பைப் பயன்படுத்துங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பியதில் அந்த இணைப்பைத் தொடவே வேண்டாம்.

மாநாட்டுக் குழுவுக்கு இப்போதே எழுதுங்கள். கெடுவைத் தளர்த்திக் கேட்பதோடு, அந்த ஆதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ் வரியையும் அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். மற்ற பங்கேற்பாளர்களுக்கும் இது நடந்திருக்கும், அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் பல்கலைக்கழகக் கணினி உதவி மையத்துக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. மெயிலையே இணைப்புக் கோப்பாக அனுப்புங்கள், அப்போதுதான் ஹெடர் முழுசாகப் போகும். வரவேயில்லை என்று சந்தேகப்படும் மெயிலாக இருந்தால் அனுப்புநரின் முகவரி, அனுப்பிய தேதி, நேரம், அது எந்த ஊர் நேரம், பவுன்ஸ் வந்திருந்தால் அதன் வாசகம் ஆகியவற்றைக் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் 365-இல் மெயில் கடந்துவந்த தடத்தை 90 நாள் வரைதான் தேட முடியும், அதனால் பருவத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே கேளுங்கள்.